உம்மா நோன்பு பிடித்த நம்பர்

குறிஞ்சிப்பிட்டியில் ஆளை ஆள் கண்டால் வெங்காயம் என்ன விலை போகிறது என்று கேட்பார்கள். என்னைக் கண்டால் மட்டும், "புள்ள, இந்த மாசம் நம்பர் எவ்வளவு?" என்பார்கள். மீன்காரனிடம் பேரம் பேசிக்கொண்டு நிற்கும்போது கேட்பார்கள். கலியாண வீட்டில் எல்லோரும் ஒரே தட்டில் பரிமாறின சோற்றுச் சஹனைச் சுற்றி உட்கார்ந்திருக்க, நான் மட்டும் கோப்பையும் கரண்டியுமாக ஒதுங்கி இருப்பேன். அங்கேயும் தேடி வந்து கேட்பார்கள். என் இரத்தத்தை ஏலத்திலா விட்டிருக்கிறது என்று பற்றிக்கொண்டு வரும். ஆனால் கேட்கிறவர்களை ஏசி என்ன பயன்? ஊருக்கெல்லாம் சொல்லி வைத்தவர் என் உம்மா.

நம்பர் என்றால் ஈ.எஸ்.ஆர். லேபில் ஒரு நீட்டுக் கண்ணாடிக் குழாயில் இரத்தத்தை விட்டு, ஒரு மணித்தியாலம் நிமிர்த்தி வைப்பார்கள். சிவப்பு மெல்ல மெல்ல அடிக்குப் போகும். மேலே மஞ்சளாகத் தண்ணீர் தெளியும். அந்தத் தெளிந்த தண்ணீர் எத்தனை மில்லிமீட்டரோ அதுதான் நம்பர். உடம்புக்குள் எங்கேயாவது அழற்சி இருந்தால் இரத்தம் அவசரப்பட்டு அடிக்குப் போய்விடும், நம்பர் ஏறும். கூடவே சீ.ஆர்.பி. என்று இன்னொன்றும் பார்ப்பார்கள். அழற்சி இருக்கும்போது ஈரல் இரத்தத்துக்குள் விடுகிற ஒரு புரதம் அது. ஊரில் இரண்டையும் சேர்த்துக் கட்டி "நம்பர்" என்றுதான் சொல்வோம். முதல் தடவை பார்த்தபோது என் ஈ.எஸ்.ஆர். தொண்ணூறுக்கு மேலே இருந்தது. கடதாசியை வாங்கின நேர்ஸ் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். அதுவரைக்கும் நான் சோம்பேறி என்று என்னைக் கட்டின மாப்பிள்ளை உட்பட எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

சிக்குன்குனியாக் காய்ச்சல் எங்கள் கரை முழுக்க அடித்து, ஊரே நொண்டிக்கொண்டு திரிந்த காலத்தில் எனக்கும் காய்ச்சல் வந்தது. மற்றவர்களுக்கு நாளடைவில் சரியாகிவிட்டது. எனக்கு விரல்களில் பிடித்த வலி விடவில்லை. "அது சிக்குன்குனியாட மிச்சம், கிடந்து போகும்" என்றார்கள். மிச்சம், மிச்சம் என்று சொல்லியே வருசங்கள் போயின. எண்ணெய் தேய்த்தேன், பத்துப் போட்டேன், ஓதி ஊதின தண்ணீர் குடித்தேன். காய்ச்சலுக்கும் இந்த வருத்தத்துக்கும் தொடர்பு இருந்ததா இல்லையா என்று பிறகு டொக்டராலும் சொல்ல முடியவில்லை. என்னுடைய உடம்பைக் காவல் காக்க வேண்டியதே என் மூட்டுகளைக் கடிக்கிறது என்று மட்டும் சொன்னார். வீட்டுக்காவலுக்கு வளர்த்த நாய் வீட்டாளைக் கடித்தால் யாரிடம் போய் முறையிடுவது!

காலையில் எழும்பினால் இரண்டு கையும் மூடியே இருக்கும். குழாயைத் திருக ஏலாது. சுபஹுத் தொழுகைக்கு உம்மாதான் எனக்கு வுளூச் செய்துவிடுவார். கையில் தண்ணீர் ஊற்றி, விரல்களுக்கு இடையில் தன் விரலை விட்டுக் கோதி, முழங்கை வரைக்கும் கழுவிவிடுவார். சட்டை தைத்து மூன்று பிள்ளைகளை வளர்த்த கை என்னுடையது. கட்டார் நாட்டில் வாகனம் ஓட்டுகிற மாப்பிள்ளை காசு அனுப்பப் பிந்திய மாதங்களில் என் தையல் மெஷின்தான் அடுப்பை எரித்தது. அதெல்லாம் போனதற்கு உம்மா கவலைப்பட்டார்தான். ஆனால் உம்மாவின் பயம் வேறு.

எங்களில் ஒரு பெண் மௌத்தானால், அடக்குவதற்கு முன் அந்த மையித்தைப் பெண்கள்தான் குளிப்பாட்டுவார்கள். மகள், சகோதரி என்று நெருங்கின சொந்தத்துக்கு முதல் உரிமை. தெரியாதவர்களுக்குத் துணையாக, பழகின ஒருத்தி கூட நிற்பாள். எங்கள் பக்கத்தில் அந்தப் பழகின ஒருத்தி உம்மா. வெள்ளைத் துணியில் தைத்த பையைக் கையில் மாட்டிக்கொண்டு, மேலே போர்த்தின துணியை விலக்காமல், அதற்குக் கீழே கையை விட்டுக் கழுவுவார். வயிற்றை மெல்ல அமுக்கி உள்ளே இருப்பதை வெளியேற்றுவதுதான் முதல் வேலை. அமுக்கவும் வேண்டும், நோகவும் கூடாது. உம்மாவுக்கு அது கைவந்தது. முடிந்து வீட்டுக்கு வந்தால் கண்டது ஒன்றையும் சொல்லமாட்டார். நான் கிண்டிக் கேட்டாலும், "அது நம்மள நம்பித் தந்த அமானிதம், வாய மூடு" என்பார்.

எங்கள் வேலிக்கு அடுத்த வீட்டில் சாச்சி இருந்தார், வாப்பாவின் தம்பி மனைவி. அவருக்கும் குளிப்பாட்டத் தெரியும். கையும் நல்ல கைதான். வாய்தான் சரியில்லை. ஒரு தடவை குளிப்பாட்டிவிட்டு வந்து, அந்தப் பெண்ணின் உடம்பில் என்ன தழும்பு இருந்தது, எங்கே இருந்தது என்று வெங்காயம் பிடுங்கிய இடத்தில் எல்லோருக்கும் கேட்கச் சொல்லிவிட்டார். உலைவாயை மூடலாம், ஊர் வாயை மூட ஏலுமா? அந்தக் கதை மதுரங்குளி வரைக்கும் போய்த் திரும்பியது. அன்றைக்கு விட்ட கதையை உம்மா அவரோடு பிறகு முழுதாகத் தொடங்கவே இல்லை. பெருநாளைக்கு ஸலாம் சொல்வார், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகுதான் உம்மா என்னிடம் அடிக்கடி சொல்லத் தொடங்கினார். "என்ட மையித்த நீதான் குளிப்பாட்டணும். அவள்ற கை என்ட ஒடம்புல படப்படாது. எனக்கு நீ ஒரு பொம்புளப் புள்ளதான்."

"உம்மா, என்ட கையப் பாருங்க."

"அது சுகமாகும்."

"எப்ப?"

"நான் மௌத்தாகிறதுக்கு முந்தி."

இப்படிச் சொல்கிறவரோடு என்னத்தைக் கதைப்பது? எனக்குக் கோபம் வந்தால் பானை மூடியைத் தூக்கி எறிவது வழக்கம். அதுவும் ஏலாமல் போன பிறகு வாயால்தான் எறிந்தேன். "சாகிற கதைய விட்டுட்டு அந்த வெங்காயத்த உரிச்சித் தாங்க" என்பேன். உரித்துத் தருவார். தந்துகொண்டே திரும்பவும் அதையே சொல்வார்.

புத்தளத்துக்குக் கிளினிக் போகும்போதெல்லாம் உம்மா கூட வருவார். விடியற்காலை பஸ். நுரைச்சோலை வந்தால் மின்நிலையத்தில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் இறங்குவார்கள், அப்போதுதான் எங்களுக்கு இருக்க இடம் கிடைக்கும். கிளினிக்கில் கதிரைகள் நிறைந்து, சனம் வாசல் வரைக்கும் நிற்கும். டொக்டர் சிங்களப் பெண். படித்துப் பழகின தமிழில் பேசுவார், நல்ல மனுசி. ஆனால் நான் போய் உட்கார்ந்ததும் முதலில் கடதாசிக்குத்தான் கையை நீட்டுவார். நம்பரைப் பார்ப்பார். ஏறியிருந்தால் மருந்துக் குளிசையைக் கூட்டுவார், குறைந்திருந்தால் முகம் மலரும். பிறகு என் விரல் மூட்டுகளை அமத்திப் பார்ப்பார். வெளியே இன்னும் அத்தனை பேர் இருக்கும்போது அவரைத்தான் என்ன சொல்ல?

உம்மா இதைக் கவனித்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒரு நாள் பஸ்ஸில் வரும்போது, "மகள், அந்த நம்பர் எவ்வளவுக்கு வரணுமாம்?" என்று கேட்டார்.

"இருபதுக்குள்ள வந்தா நல்லமாம்."

அந்தக் கிழமையே நோன்பு தொடங்கிவிட்டது. திங்களும் வியாழனும் பிடிப்பார். தொழுகைப் பாயில் கையை ஏந்திக்கொண்டு, "யா அல்லாஹ், என்ட மகள்ற நம்பர எறக்கித் தா" என்று வாய்விட்டுத் துஆக் கேட்பார். உம்மாவுக்குச் சீனி வருத்தம், பிரஷரும் இருந்தது. நோன்பு பிடிக்கவே கூடாது என்று அவருடைய டொக்டர் சொல்லியிருந்தார். நான் கத்தினேன், எனக்கு மூத்த நானாமார் இரண்டு பேரும் வந்து கத்தினார்கள். அசையவில்லை.

"சரி, பிடிக்கிறதுதான் பிடிக்கிறீங்க. நம்பர ஏன் கேக்கிறீங்க? கையக் கேளுங்களேன்" என்றேன்.

"உனக்கு ஒண்டும் விளங்காது. அந்தப் பெரிய டொக்டரே முதல்ல நம்பரத்தானே பாக்கிறா? கைய ரெண்டாவதாத்தானே பாக்கிறா? அப்ப வேர் அதுதான். வேர் பட்டுப்போனா மரம் தன்னால பட்டுப்போகும்."

சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. உம்மாவின் கணக்கில் பிழை பிடிக்க எனக்குத் தெரியவில்லை. டொக்டர் பார்ப்பதை வைத்துத்தான் அவர் பார்த்தார். நானும் அப்படித்தானே? கடதாசி வந்தால் என் கண்ணும் முதலில் அந்த எண்ணுக்குத்தான் ஓடியது.

கிழமைக்கு ஒரு தடவை போடுகிற மஞ்சள் குளிசை என் குடலைப் புரட்டி எடுக்கும். அதைப் போட்ட அடுத்த நாள் சோற்று வாசம் பட்டாலே ஓங்காளம். மற்றக் குளிசை முகத்தை ஊதவைத்தது. "மாஷா அல்லாஹ், ஒடம்பு தேறிட்டு" என்றார்கள் ஊரில். தேறினது முகம் மட்டும். முடி கொட்டியது. நம்பர் தொண்ணூறிலிருந்து எழுபதுக்கு வந்தது, ஐம்பதுக்கு வந்தது, திடீரென்று திரும்ப ஏறியது, பிறகு நாற்பதுக்கு வந்தது. குறைந்த செய்தி வந்தால் உம்மா தேங்காய்ப்பால் கஞ்சி காய்ச்சி அக்கம்பக்கத்துக்குக் கொடுப்பார். அப்படித்தான் என் இரத்தம் ஊர்க் கதையானது. அதே நேரத்தில் வலது கைச் சுண்டுவிரல் சரிந்தது. பிறகு அதற்கு அடுத்த விரல். பிறகு நான்கும் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்து, நடுமூட்டில் மடங்கி, அப்படியே நின்றுவிட்டன. மணிக்கட்டு இறுகிப்போனது, இடது கையும் அதே வழியில் போனது. வலி குறைந்தது உண்மை. வலி குறையக் குறையக் கையும் குறைந்துகொண்டே போனது.

தலைக்கு மேலே வெள்ளம் போனால் சாணென்ன முழமென்ன என்பார்கள். நாங்கள் சாணையும் முழத்தையும் அளந்துகொண்டிருந்தோம்.

கடைசியில் எட்டு வந்தது. ஈ.எஸ்.ஆர். எட்டு, சீ.ஆர்.பி.யும் இருக்க வேண்டிய அளவுக்குள்ளே. டொக்டர் கடதாசியைப் பார்த்துவிட்டு என் தோளில் தட்டினார். "அம்மா, மிச்சம் நல்லம். இப்ப வீக்கம் ஒண்டும் இல்ல. வருத்தம் அடங்கிட்டு."

"அப்ப கை எப்ப விரியும் டொக்டர்?"

 எக்ஸ்ரேயை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். என் கையின் எலும்புகள் தெரிந்தன. மணிக்கட்டில் தனித்தனியாக இருக்க வேண்டிய சின்ன எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே கட்டியாகக் கிடந்தன. "இது தேஞ்சி ஒட்டிட்டு அம்மா. திரும்பி வராது. இனி மோசமாகாமப் பாக்கலாம், அவ்வளவுதான்."

"நம்பர் நல்லாத்தானே இரிக்கி?"

"நம்பர் இண்டைக்கு என்ன நடக்குதுண்டு சொல்லும். நடந்து முடிஞ்சத சொல்லாது."

ஒப்பரேசன் ஏதும் உண்டா என்று கேட்டேன். கொழும்புக்கு எழுதித் தரலாம், ஒரு விரல் இரண்டு விரல் நேராகப் பார்க்கலாம், ஆனால் பிடிமானம் வரும் என்று சொல்ல ஏலாது என்றார். அவர் பொய் சொல்லாததற்கு நான் நன்றி சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அவருடைய மேசையைப் புரட்டிப் போட வேண்டும் போல இருந்தது. வெங்காயம் மண்ணுக்குள்ளேயே அழுகி முடிந்த பிறகு மழை விட்டால், வெயிலைப் பார்த்து எந்தத் தோட்டக்காரன் சந்தோசப்படுவான்?

வெளியே நீட்டு வாங்கில் உட்கார்ந்து உம்மா தஸ்பீஹ் மணி உருட்டிக்கொண்டு இருந்தார். அன்றைக்கும் நோன்பு. என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டார்.

"எத்தன?"

"எட்டு."

"எட்டா! அல்ஹம்துலில்லாஹ்! எட்டா!" என்று அத்தனை சனத்துக்கு முன்னால் எழும்பி நின்று அழுதார். பக்கத்தில் இருந்த சிங்களப் பெண் என்ன நடந்தது என்று விளங்காமல் அவருடைய முதுகைத் தடவிக் கொடுத்தார்.

"உம்மா, கேளுங்க. கை விரியாதாம். எலும்பு ஒட்டிட்டாம். டொக்டர் படத்தக் காட்டிச் சொன்னா."

"விரியும். வேர் பட்டுட்டு."

"விரியாது உம்மா! எத்தன தரம் சொல்ற?"

"நீ ஒரு நன்றி கெட்டவள்" என்றார். "அல்லாஹ் கேட்டதத் தந்திரிக்கான். அதப் போட்டு ஒதைக்காத."

கேட்டதைத்தான் தந்திருந்தான். அதில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறை இல்லை. பஸ்ஸில் வரும் வழி முழுக்க உம்மா இரண்டு நானாமாருக்கும், மாமிமாருக்கும், எனக்கு ஞாபகமே இல்லாத சொந்தங்களுக்கும் போனில் எட்டு எட்டு என்று சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு தனிமையாக நான் இருந்ததில்லை. மௌத்தாகிற வயதில் இருக்கிற ஒருவருக்கு எக்ஸ்ரேயை எப்படி விளங்கப்படுத்துவது? விளங்கினால்தான் அவருக்கு என்ன கிடைக்கும்? இருந்தும் வீட்டுக்கு வந்து இன்னொரு தடவை சொன்னேன். அடுத்த நாளும் சொன்னேன். "பொறு" என்றார்.

நன்றிக்கும் நோன்பு பிடிக்கத் தொடங்கினார். அப்படி ஒரு வியாழக்கிழமை, முற்றத்தில் காயப்போட்ட மிளகாயைக் கிளறிவிட்டு உள்ளே வந்து, "நெஞ்ச அடைக்கிது" என்று சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நெற்றி முழுக்க வியர்வை. நான் ஓடிப்போய், தண்ணீர்க் கிளாசை இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் வைத்து அமுக்கித் தூக்கிக்கொண்டு வந்து அவருடைய வாயில் வைத்தேன். உதட்டை இறுக்கிக்கொண்டு தலையை ஆட்டினார். நோன்பாம். "உம்மா, அல்லாஹ்வுக்காகக் குடிங்க" என்று அலறினேன். திரும்பவும் தலையை ஆட்டினார். பக்கத்துக் கடையடியில் நின்ற ஓட்டோ வாசலுக்கு வந்தபோது உம்மா இல்லை.

பொழுதுபடுகிற மஃரிபுத் தொழுகைக்கு முன்னால் அடக்க வேண்டும் என்று முடிவாயிற்று. பள்ளிவாசலில் இருந்து பலகை வந்தது. வீட்டுக்குப் பின்னால் சேலைகளைக் கட்டி மறைத்தார்கள். இலந்தை இலை போட்ட தண்ணீர் ஒரு வாளியில், கற்பூரம் கரைத்த தண்ணீர் இன்னொன்றில். உம்மாவைக் கிடத்தி, கழுத்துக்குக் கீழே துணியால் போர்த்திவிட்டார்கள். ஆறேழு பெண்கள் மறைப்புக்குள் நின்றார்கள். எல்லோருக்கும் வேலை தெரியும். ஆனால் ஒருத்தியும் கையை நீட்டவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு ஒரு மாமி, உம்மாவே தன் கையால் தைத்து வைத்திருந்த வெள்ளைத் துணிப் பையை என்னிடம் நீட்டினார்.

"வா மகள். உம்மாட ஆச."

பையை வாங்கினேன். மடங்கின விரல்கள் அதற்குள் போகவில்லை. மாமி பிடித்து இழுத்து மாட்டப் பார்த்தார். பெருவிரல் போனது, மற்றவை வாய் ஓரத்தில் சுருண்டு நின்றன. சரி, முதலில் தண்ணீரையாவது ஊற்றுவோம் என்று பையைப் பலகை ஓரத்தில் போட்டுவிட்டு, கோப்பையை இரண்டு மணிக்கட்டாலும் பிடித்து வாளியில் அமிழ்த்தித் தூக்கினேன். பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, வலது தோள் பக்கமாகக் கொண்டுபோனேன். தண்ணீர் கனத்தில் கோப்பை வழுக்கிற்று. உம்மாவின் தோளெலும்பில் விழுந்து, பலகையில் பட்டு, கீழே உருண்டது.

எலும்பில் பட்ட சத்தம் எல்லோருக்கும் கேட்டது. "யா அல்லாஹ், மெதுவா. மையித்துக்கும் நோகும்" என்றாள் ஒருத்தி, தன்னையறியாமல்.

இன்னொரு தடவை எடுத்துப் பார்க்கலாம் என்று குனிந்தேன். வலது கையை நீட்டினேன், இடது கையை நீட்டினேன். பிறகு நிமிர்ந்தேன். "எனக்கு ஏலா" என்றேன்.

 பின்னால் சேலையோடு ஒட்டிக்கொண்டு நின்ற சாச்சி முன்னுக்கு வந்தார். கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன. அவருடைய குரலில் குத்தல் ஒன்றும் இல்லை. அதிசயப்பட்டுத்தான் கேட்டார்.

"ஏலாண்டு ஏன் மகள் முந்தியே சொல்லல்ல? ஒங்கட உம்மா முந்தாநாள் வேலியடிக்கு வந்து, இத்தன வருசத்துக்குப் பொறகு வாயத் தொறந்து என்னோட கதைச்சா. 'என்ட மகள்ற நம்பர் எட்டாகிட்டு, கை சுகமாகிட்டு, நான் மௌத்தானா நீ வரத் தேவல்ல'ண்டு சொன்னா. நான் வராமத்தான் இருந்தன். மாமி வந்து கூப்பிட்டுத்தான் வந்தன்."

நேரம் போய்க்கொண்டிருந்தது. முன் முற்றத்தில் ஆண்கள் காத்திருந்தார்கள். சாச்சி பலகை ஓரத்தில் கிடந்த வெள்ளைப் பையை எடுத்துத் தன் கையில் மாட்டினார். விரல்கள் ஒவ்வொன்றும் நேராக உள்ளே போயின. போர்வைக்குக் கீழே கையை விட்டு, பிஸ்மில்லாஹ் என்று சொல்லி, உம்மாவின் வயிற்றை மெல்ல அமுக்கினார்.